மயிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா

அறவியல் என்ற பாடத்தை நான் வயிற்றுப் பிழைப்புக்காகச் சொல்லிக்கொடுக்கிறேன். புதுக்கோட்டையில், ஒரு செருப்புக் கடையின் மாடியில் எங்கள் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. ஆட்சிப் பணித் தேர்வில் அறவியலுக்கென்றே ஒரு தாள் உண்டு. அந்தத் தேர்வில் நான் தேறவில்லை, அதனால்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இதை மாணவர்கள் என் முகத்துக்கு நேரே சொல்வதில்லை, படிக்கட்டில் இறங்கும்போது சொல்கிறார்கள். எங்கள் படிக்கட்டு குறுகலானது, கீழே பேசுவது மேலே தெளிவாகக் கேட்கும்.

அந்தத் தாளில் ஒரு கேள்வி தவறாமல் தலைகாட்டும். அணை கட்ட வேண்டும், ஆனால் அங்கே ஓர் அரிய தவளை வாழ்கிறது. அல்லது சாலை போட வேண்டும், குறுக்கே அரிய குரங்கு. நீங்கள்தான் மாவட்ட ஆட்சியர், என்ன செய்வீர்கள்? இதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். முதல் பத்தியில் மனிதர்களுக்காக இரங்க வேண்டும். அடுத்த பத்தியில் விலங்குக்காக இரங்க வேண்டும். அதன்பின் பயன்பாட்டுவாதத்தைக் கொண்டுவர வேண்டும். எந்த முடிவால் அதிகம் பேருக்கு அதிக நன்மை கிடைக்கிறதோ அதுவே சரியான முடிவு என்பது அதன் சாரம். கடைசியில் யாருக்கும் நோகாமல் ஒரு நடுவழியைச் சொல்லி முடித்துவிட்டால் மதிப்பெண் விழுந்துவிடும். தவளை என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

என் அக்காவை விராலிமலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. கொடும்பாளூர் தாண்டி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போனால் அவள் ஊர். அவள் வீட்டுக்காரர் சார்ஜாவில் இருக்கிறார். வயல், ஆழ்துளைக் கிணறு, இரண்டு மாடு, மாமியாரின் சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் அக்கா ஒருத்திதான் பார்க்கிறாள். அவளுக்கு ஓய்ச்சல் கிடையாது, அதனால் வாய்க்கும் ஓய்ச்சல் கிடையாது.

அந்தப் பக்கத்தில் மயில்கள் காக்கையைப் போலத் திரியும். வெளியூரிலிருந்து விராலிமலைக்கு வருகிறவர்கள் மயிலைப் பார்த்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு படம் எடுப்பார்கள். அக்கா அதே மயிலைப் பார்த்தால் மண்ணாங்கட்டியைத் தேடுவாள், ஆனால் எறிய மாட்டாள். முருகனின் வாகனம் என்ற பயம் பாதி, சட்டம் என்ற பயம் பாதி. கடலை விதைத்தால் முளைவிடுவதற்குள் வரிசையாக வந்து தோண்டித் தின்றுவிடும். உளுந்து விதைத்தாள், தின்றன. கடைசியில் கிணற்றுத் தண்ணீரை நம்பிக் கோடை நெல் போட்டாள். நெல்லையும் தின்றன, மிச்சத்தை மிதித்துச் சாய்த்தன.

மயில் நம் தேசியப் பறவை, பாதுகாக்க வேண்டிய உயிர்களின் முதல் பட்டியலிலேயே வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பொங்கலுக்கு நான் அவளுக்கு விளக்கினேன். எதற்காகப் பாதுகாக்க வேண்டும் என்று கேட்டாள். அழிந்துவிடக் கூடாது என்பதற்காக என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வாசல் வழியே தெரிந்த வயலைக் காட்டினாள். வரப்பில் பத்திருபது மயில்கள், தலைவர் வருகைக்குக் காத்திருக்கும் தொண்டர்களைப் போல வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

“இதுவாடா அழியுது? இந்த வீட்டுல அழியுறது நான் ஒருத்திதான். என்னைய எந்தப் பட்டியல்ல வச்சிருக்காக?”

அவள் சும்மா இருக்கவில்லை. வயலைச் சுற்றிப் பழைய சேலைகளை வேலியாகக் கட்டினாள். அவளுடைய கல்யாண வரவேற்புச் சேலை வடக்குப் பக்கம் நின்றது. மயில்கள் அதன் முந்தானைக்கு அடியில் குனிந்து உள்ளே போயின. பிறகு ஒலிபெருக்கி வாங்கினாள். பழைய இரும்பு வாங்குகிறவர்கள் வண்டியில் கட்டியிருப்பார்களே, ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்லும் சின்னப் பெட்டி, அதேதான். அதில் தன் குரலிலேயே திட்டிப் பதிவு செய்து, வயலின் நட்டநடுவில் ஒரு கம்பு நட்டுக் கட்டிவிட்டாள்.

“ஏய், போ அங்கிட்டு. ஒனக்கு வேற எடமே இல்லையா? எந்நேரமும் தின்னுக்கிட்டே இருந்தா எப்புடி? வெக்கமா இல்ல?”

பகல் முழுக்க இது ஓடும். சீட்டுப் பணம் வசூலிக்க வந்தவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு வீட்டுப் பக்கமே வராமல் திரும்பிப் போயிருக்கிறார். நாய், நரி, கீரி எல்லாம் அந்த வயலை விட்டு ஒதுங்கிக்கொண்டன. மயில்கள் மட்டும் கொஞ்ச நாள் பயந்து பார்த்துவிட்டு, சத்தம் போடுகிறதே தவிர எழுந்து வரவில்லை என்று கண்டுகொண்டன.

சித்திரையில் நெல் முற்றியது. எங்கே பார்த்தாலும் ஒரே நேரத்தில் அறுவடை. அறுவடை மெஷின்கள் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும், வயல் வயலாக முறை வைத்துப் போகும். முறையை விட்டால் அடுத்து எப்போது வரும் என்று வண்டிக்காரருக்கே தெரியாது. அதோடு கோடை மழை வரும் என்று செல்போனில் எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. அக்காவின் நெல் ஏற்கெனவே பாதி சாய்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு மழை பெய்தால் மணி தரையிலேயே முளைத்துவிடும், அந்தப் பருவம் அதோடு போனது. கடலை போய், உளுந்து போய், கடைசியாக அவள் கையில் இருந்தது அந்த நெல் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மெஷின் வருகிறது, டிராக்டரில் நெல் ஏற்றும்போது கூட நிற்க ஆள் வேண்டும், வா என்று கூப்பிட்டாள். வகுப்பு இல்லாததால் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

நான் போனபோது மெஷின் வரப்போரம் வந்து நின்றிருந்தது. அந்த ஊர் வழக்கப்படி, மெஷின் இறங்குவதற்கு முன் வீட்டுப் பெண் வயலின் வடகிழக்குச் சனிமூலையில் ஒரு பிடி கதிரைக் கையால் அறுக்க வேண்டும். அக்கா அரிவாளால் அறுத்துக் கும்பிட்டு, அந்தப் பிடியைத் தலைமாட்டு வரப்பில் வைத்தாள். டிரைவர் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். நடுவயலில் நிற்கும் ஒலிபெருக்கிக் கம்பைப் பிடுங்கிவிட்டு வருகிறேன், இல்லாவிட்டால் பிளேடில் மாட்டும் என்று அக்கா உள்ளே இறங்கினாள்.

இறங்கியவள் கம்புக்கருகே போய் அப்படியே நின்றுவிட்டாள். பாம்போ என்று நான் ஓடினேன்.

கம்பின் அடியில், சாய்ந்த நெல்லுக்குள், ஒரு பெண் மயில் உட்கார்ந்திருந்தது. எங்களைப் பார்த்துக் கழுத்தை மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டது, எழுந்திருக்கவில்லை. இறக்கைக்கு அடியில் முட்டைகள் தெரிந்தன. அதன் தலைக்கு நேர் மேலே ஒலிபெருக்கி, வேறு இடமே இல்லையா என்று அக்காவின் குரலில் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாயும் நரியும் அண்டாத ஓர் இடத்தை அக்காவே குரல் கொடுத்து உருவாக்கி வைத்திருக்கிறாள், அந்த மயில் அதைச் சரியாகக் கண்டுபிடித்து வந்து அடைகாக்கிறது. அக்கா சிரிக்கவில்லை. பெட்டியை அணைத்துவிட்டு, என் கடலையைத் தின்று வளர்த்த வயிற்றோடு எங்கிட்டேயே பிள்ளை பெற வந்துட்டியா என்று நேரில் திட்டினாள்.

அந்த முட்டைகள் பிறகு நல்லபடியாகப் பொரிந்தன என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மயிலை நினைத்து யாரும் மனம் கலங்கிக்கொண்டே படிக்க வேண்டாம். அன்றைக்குக் கவலைப்பட்டிருக்க வேண்டியது அக்காவை நினைத்துத்தான். அதைத்தான் நாங்கள் யாரும் செய்யவில்லை.

செய்தி வரப்புக்குப் போனதும் டிரைவர் எஞ்சினை அணைத்தார். ஆத்தூர்க்காரர், நிதானமான மனிதர், ஆனால் இந்த விஷயத்தில் ஒரே பிடியாக நின்றார். இருக்கையிலிருந்து இறங்காமலேயே சொன்னார்.

“யக்கா, சாதாரணக் கோழி, கொக்குன்னா பரவால்ல. இது மயிலு. ஏதாச்சும் ஆகிக் கேஸாயிருச்சுன்னா வண்டியப் புடிச்சு வச்சுக்குவாங்க. மொதலாளிக்கு நான் என்ன பதில் சொல்றது? இந்த வயல்ல நான் எறங்க மாட்டேன்.”

நான் வனத்துறைக்குப் போன் செய்தேன். அங்கே பேசிய அம்மா பொறுமையாகச் சொன்னார். முட்டையைத் தொடாதீர்கள், இடம் மாற்றாதீர்கள், சுற்றிலும் கொஞ்சம் பயிரை விட்டுவிட்டு மற்றதை அறுத்துக்கொள்ளுங்கள் என்றார். இதை அப்படியே டிரைவரிடம் சொன்னேன். நான் சொன்னதில் வனத்துறை என்ற சொல் மட்டும் அவர் காதில் விழுந்தது. சாவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் பக்கத்து வயல்காரர் உள்ளே வந்தார். அவரை நான் மாமா என்று கூப்பிடுவது வழக்கம். அக்கா வயலுக்கு அடுத்த முறை அவருடையது, அதற்கு அடுத்தவை அவருடைய பங்காளிகள் இருவருடையவை. மாமா வருஷம் தவறாமல் விராலிமலைக்குக் காவடி எடுப்பவர். வயலுக்குள் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். முருகனே வந்து உட்கார்ந்திருக்கிறான், அந்த இடத்தில் மெஷினை விடுவது குடும்பத்துக்கு ஆகாது என்றார். அடுத்த மூச்சில், மெஷின் சும்மா நிற்க வேண்டாம், தன் வயலுக்கு வரட்டும் என்றார். பக்தியும் முறையும் இவ்வளவு பொருத்தமாகச் சேர்ந்து வந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் உடனே என் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மாப்ள, நீங்க படிச்சவுக. நாங்க சொன்னா ஒங்கக்கா சுயநலம்பா. நியாயம் என்னன்னு நீங்களே சொல்லுங்க.”

இப்படி ஒரு கேள்வியை என் வாழ்நாளில் யாரும் நிஜமாகக் கேட்டதில்லை. தேர்வுத்தாளில் வரும் ஆட்சியராக நான் எத்தனையோ முறை இருந்திருக்கிறேன், வரப்பில் நின்றதில்லை. உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வகுப்பில் சொல்வதைப் போலவே ஆரம்பித்தேன். அதிகம் பேருக்கு அதிக நன்மை எது என்று பார்க்க வேண்டும் என்றேன். அதில் மயிலும் சேர்த்தியா என்று மாமா கேட்டார். சேர்த்திதான், வலியையும் சந்தோஷத்தையும் உணரக்கூடிய எல்லா உயிரும் கணக்கில் உண்டு என்றேன். அவர் சற்று யோசித்தார். அப்படியானால் மயில் கடலையைத் தின்னும்போது அதற்கு வரும் சந்தோஷத்தையும் நன்மையில் சேர்க்க வேண்டுமா என்று கேட்டார். சேர்க்கத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டேன். அப்படியானால் போன வருஷம் என் வயலில் நன்மை கரைபுரண்டு ஓடியிருக்கிறது என்றாள் அக்கா. டிரைவர் இருக்கையில் இருந்தபடியே சிரித்தார்.

நான் விடவில்லை. ஒரு மனிதனுக்கு எத்தனை மயில் சமம் என்று மாமா கேட்டதற்கு, அப்படிச் சமம் போட முடியாது, பாதிப்பின் அளவைப் பார்க்க வேண்டும் என்று விளக்கினேன். பிறக்கப்போகும் குஞ்சுகளை என்ன செய்வது என்றார். அவற்றையும் பார்க்க வேண்டும் என்றேன். அந்தக் குஞ்சுகள் வளர்ந்து தின்னப்போகிற கடலையை என்றார். நான் தண்ணீர் குடித்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தெற்கே மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

நடுவில் அக்கா வீட்டுக்காரர் சார்ஜாவிலிருந்து வீடியோவில் வந்தார். நெல்லைக் காட்டச் சொல்வார் என்று நினைத்தேன், மயிலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். தன்னுடன் தங்கியிருக்கும் நாலு பேரையும் கூப்பிட்டுக் காட்டினார். அங்கே எல்லாரும் மகிழ்ந்தார்கள். என் கணக்கில் நன்மை சார்ஜா வரைக்கும் பரவிக்கொண்டிருந்தது.

கடைசியில் தீர்ப்பைச் சொன்னேன். இப்போது நினைத்தாலும் அந்தத் தீர்ப்பில் தர்க்கப் பிழை கிடையாது, தேர்வில் எழுதினால் நல்ல மதிப்பெண் கிடைக்கும். மெஷின் மறுநாள் காலை வேறு ஊருக்குப் போகிறது. டிரைவர் இந்த வயலில் இறங்க மறுக்கிறார். அவரிடம் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றால் மழையில் நாலு வயலும் போகும். இதை விட்டுவிட்டு அங்கே போனால் மூன்று வயலாவது தப்பிக்கும்.

“மூணு பேரு வயலும் தப்பிக்கும், மயிலும் முட்டையும் தப்பிக்கும். ஒன் வயல மட்டும் பெறகு எப்புடியாச்சும் பாத்துக்கலாம்க்கா.”

நியாயமான பேச்சு என்று மாமா தலையாட்டினார். டிரைவர் சாவியைப் பைக்குள்ளிருந்து எடுத்தார். எல்லாருக்கும் நிம்மதி. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருப்பதை நான் அதுவரை பார்த்ததே இல்லை, அதனால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் மோட்டார் கொட்டகைக்குப் போனாள். ஒரு குடையையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக வயலுக்குள் நடந்தாள். மயிலுக்கு ஒரு கை தூரம் தள்ளி, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாய்ந்த நெல்லின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து குடையை விரித்தாள். பிறகு டிரைவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். அவளுக்கு ஒலிபெருக்கி எப்போதும் தேவைப்பட்டதில்லை.

“தம்பி, மயிலு மேல ஏத்துனா ஒனக்குக் கேஸு. சரிதான். எம்மேல ஏத்துனா அதவிடப் பெரிய கேஸு. ஏத்த மாட்டேல்ல? அப்ப என்னையச் சுத்தி ஓட்டு. மயிலுக்காக நீ வெலக வேணாம், எனக்காக வெலகு. எம்பக்கத்துல அது பாட்டுக்கு ஒக்காந்துட்டுப் போகுது.”

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா மேகத்தைப் பார்த்தார். டிரைவர்தான் முதலில் அசைந்தார். சரிங்க யக்கா, அசையாம ஒக்காந்துக்குங்க என்று சொல்லிவிட்டு எஞ்சினைப் போட்டார்.

மெஷின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வந்தது. அக்கா குடைக்கடியில் சுணையும் தூசுமாக உட்கார்ந்திருந்தாள். மயில் எழுந்து ஓடிவிடும் என்று நான் ஒவ்வொரு சுற்றுக்கும் பயந்தேன். அது ஓடவில்லை. காரணம், அக்கா ஒரு நிமிஷம்கூட வாயை மூடவில்லை. மெஷின் நெருங்க நெருங்க அவள் மயிலைத் திட்டும் சத்தமும் ஏறியது. கடலைக்குத் திட்டினாள், உளுந்துக்குத் திட்டினாள், புருஷனை விட்டுவிட்டுத் தனியாக முட்டையைச் சுமப்பதற்குத் திட்டினாள். அவன் எங்கே தோகையை விரித்துக்கொண்டு திரிகிறான் என்று கேட்டாள். பொழுதெல்லாம் கேட்டுப் பழகிய குரல் அல்லவா, மயில் அதில் நிம்மதியாக இருந்தது. நடுநடுவே அங்கிட்டு ஓரத்தில் ஒரு முழம் விட்டுவிட்டாய் என்று டிரைவரையும் பிடித்துக்கொண்டாள். சார்ஜாவிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. நடுவயலில் குடையோடு மனைவியையும் பக்கத்தில் மயிலையும் பார்த்தவர் இந்த முறை யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. பிறகு, அவளை இந்தப் பக்கம் திரும்பச் சொல் மாப்ளே, முகம் தெரியவில்லை என்றார்.

கடைசிச் சுற்று முடிந்தபோது நடுவில் ஒரு கட்டில் போடும் அளவுக்கு நெல் மிச்சம் நின்றது. நெல் டிராக்டரில் ஏறி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மெஷின் அடுத்த வயலுக்குப் போனது, பொழுது சாய்வதற்குள் மாமாவின் வயலும் பங்காளிகளின் வயல்களும் முடிந்தன. தெற்கே கட்டிய மேகம் மணப்பாறைப் பக்கம் போய்விட்டது. அக்கா வயலில் சுற்றி ஓட்டியதால் ஆன கூடுதல் நேரம், நாங்கள் வரப்பில் நின்று நியாயம் பேசிய நேரத்தைவிடக் குறைவு. இதை டிரைவர்தான் டீ குடிக்கும்போது சொன்னார், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா குளித்துவிட்டு வந்து, களத்தில் கொட்டிய நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். நான் தள்ளி நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பேச்சு வரும் என்று எனக்குத் தெரியும், ஆனால் அவள் கோபமாக வருவாள் என்றுதான் எதிர்பார்த்தேன். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“ஏன்டா, ஒங்கணக்குல நான் எங்க இருந்தேன்?”

நான் விளக்க ஆரம்பித்தேன். மூன்று வயலுக்கு எதிராக ஒரு வயல், அதில் மூன்றுக்கும் பாதிப்பு வராமல், என்று ஏதோ சொன்னேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“கணக்கு தப்புன்னு நான் சொல்லல. மூணு பெருசு, ஒண்ணு சின்னது, எனக்கும் தெரியும். அந்த ஒண்ணு நாந்தானேடா. அதச் சொல்லும்போது என் மொகத்தயாச்சும் பாத்திருக்கலாம்ல. மாமனப் பாத்துக்கிட்டே சொல்லிட்ட.”

உண்மைதான், நான் மாமாவைப் பார்த்துத்தான் சொன்னேன். யார் தலையாட்டுவார்களோ அவர்களைப் பார்த்துச் சொல்வது வகுப்பறைப் பழக்கம். அவள் உள்ளே போய்த் தோசை ஊற்றினாள். வழக்கத்தைவிட இரண்டு தோசை கூடுதலாகவே வைத்தாள். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் நான் புதுக்கோட்டைக்குத் திரும்பியிருக்க வேண்டும். வகுப்புக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டுத் தங்கினேன். மெஷின் போட்டுவிட்டுப் போன வைக்கோலைக் கட்டுவதற்கு வேறொரு டிராக்டர் காலையிலேயே வரப்போகிறது. அந்த ஆள் அவசரக்காரர், வைக்கோல் வரிசையைப் பிடித்தால் நிமிர்ந்தே பார்க்க மாட்டார் என்று அக்கா சொன்னாள். நடுவில் நிற்கும் துண்டு நெல்மேலேயும் வைக்கோல் விழுந்து மூடியிருந்தது. ஒலிபெருக்கிக் கம்பிலேயே சிவப்புத் துணி கட்டலாம் என்றேன். கம்பை எவனும் மதிக்க மாட்டான், ஆள் உட்கார்ந்தால்தான் மதிப்பான் என்று சொல்லிக் குடையை என் கையில் கொடுத்தாள்.

அவள் உட்கார்ந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தேன். தூரத்தில் இருந்து பார்க்கும்போது குடைக்கடியில் நிழல் இருப்பது போலத் தெரியும், உள்ளே உட்கார்ந்தால் அப்படி இல்லை. நெல் தாள் தொடையில் குத்தியது. சுணை கழுத்தில் இறங்கியது. மயில் என்னைப் பக்கவாட்டில் பார்த்தது. நான் மரியாதையாகச் சத்தம் போடாமல் இருந்தேன். அது மெதுவாக உடம்பைத் தூக்கியது, கழுத்தை நீட்டியது, போய்விடும் போலிருந்தது. வரப்பிலிருந்து அக்கா கத்தினாள், சும்மா இருக்காதே, அதைத் திட்டு என்று.

நான் வாழ்க்கையில் மயிலைத் திட்டியதில்லை. என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ஏய் என்றேன். குரல் எடுபடவில்லை. மயில் எழுந்தே நின்றுவிட்டது, முட்டைகள் வெயிலில் தெரிந்தன. வேறு வழி இல்லாமல் எட்டிக் கம்பில் இருந்த பெட்டியைப் போட்டேன். போ அங்கிட்டு, ஒனக்கு வேற எடமே இல்லையா, வெக்கமா இல்ல என்று அக்காவின் குரல் என் தலைக்கு மேலேயே கேட்டது. மயில் இறக்கையை உதறிக்கொண்டு நிம்மதியாக முட்டைமேல் உட்கார்ந்தது. நானும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அந்தத் திட்டு தேவையாகத்தான் இருந்தது.

வைக்கோல் கட்டும் டிராக்டர் வந்தது. அக்கா சொன்னது சரி, அந்த மனிதர் தலையை நிமிர்த்தவே இல்லை. வரிசையைப் பிடித்து நேராக என்னை நோக்கி வந்தார். மேலே பெட்டியின் சத்தம், எதிரே எஞ்சினின் சத்தம், நடுவில் என் கையில் குடை. எழுந்து ஓடலாம் என்று கால் சொன்னது, எழுந்தால் மயிலும் எழுந்துவிடும் என்று தெரிந்ததால் உட்கார்ந்திருந்தேன். மெல்லிய குடைத் துணிக்கு அடியில் இருந்து ஒரு டிராக்டரின் முன்பக்கத்தைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அதற்கு முந்தின நாள் அக்காவை நோக்கி வந்தது இதைப்போல மூன்று மடங்கு பெரிய வண்டி.

கொஞ்ச தூரத்தில் வந்ததும் அவர் குடையைப் பார்த்துவிட்டுப் பிரேக் அடித்தார். எரிச்சலோடு வரப்புப் பக்கம் திரும்பி, இந்த வரிசை முழுக்க நல்ல வைக்கோல், சுற்றிப் போனால் பாதி வீணாகும், மூன்று வீட்டு மாட்டுக்கு ஆகும், நடுவில் உட்கார்ந்திருக்கிற அந்த ஒரு ஆளை எழுந்திருக்கச் சொல்லுங்கள் என்று கத்தினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வரப்பில் அக்காவோடு மாமாவும் பங்காளிகளும் நின்றிருந்தார்கள். அந்த மூன்று வீடும் அவர்களுடையதுதான், தன் மாட்டுக்குப் போக மிச்ச வைக்கோலை அக்கா அவர்களுக்குத்தான் விற்றிருந்தாள்.

அக்கா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. வைக்கோலையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது ஒரு ஆளு இல்லங்க, எந்தம்பி. சுத்திப் போங்க.”